கட்டத்தின் பெயரும் கலியின் நாளும்

விரிதாள் எனப்படும் கணினிப் பேரேட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. திரையில் 'சி7' என்று தோன்றும் கட்டம், நிரலின் பார்வையில் மூன்றாம் நெடுவரிசையும் ஏழாம் கிடைவரிசையும் சந்திக்கும் இடமாகவோ, எண்ணுவதைச் சுழியத்திலிருந்து தொடங்கும் நிரலாக இருந்தால் இரண்டும் ஆறும் சந்திக்கும் இடமாகவோ இருக்கிறது. அதே கட்டத்தில் '12-11-1936' என்று ஒரு நாள் எழுதப்பட்டிருந்தால், கோப்புக்குள் சேமிக்கப்பட்டிருப்பது அந்த நாள் அல்ல. 13466 என்னும் வெறும் எண்ணே அங்கு இருக்கிறது. மனிதர் படிக்கும் பெயரிலிருந்து கணினி எண்ணும் எண்ணுக்கும், எண்ணிலிருந்து மீண்டும் பெயருக்கும் மாற்றித் தரும் சிறு நிரல் துண்டுகளைத் துணைச் செயற்கூறுகள் என்பர். ஒரு பெரிய நிரலின் முதன்மையான வேலையை இவை செய்வதில்லை. அந்த வேலை கேட்கும்போதெல்லாம் ஓர் உள்ளீட்டை வாங்கி, ஒரே விதமாக மாற்றி, ஒரு விடையைத் திருப்பித் தருவதோடு இவற்றின் கடமை முடிந்துவிடுகிறது.

பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதிவிடக்கூடிய இந்தச் செயற்கூறுகளில் வரும் கணக்கு, கூட்டலும் வகுத்தலும் மீதி காண்பதும் மட்டுமே என்பதால், இவற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு பயிற்சிக் கேள்வியாக வைத்துவிட்டுக் கடந்துபோகின்றன. ஆனால் நடைமுறையில் பிழைகள் குவிவது கணக்கில் அன்று, எண்ணுவதை எங்கே தொடங்குவது என்னும் தீர்மானத்தில்தான். அந்தத் தீர்மானத்தை ஒருவர் ஒரு காலத்தில் எடுத்திருப்பார், பின்னால் வந்தவர்கள் அதை அறியாமலே சுமந்துகொண்டிருப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, கேரள எல்லைக்கு அருகில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த அருமனை இதை விளக்குவதற்குப் பொருத்தமான ஊர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த விளவங்கோடு வட்டாரத்தைச் சேர்ந்த இவ்வூரின் பழைய ஆதாரங்கள், அதாவது நிலப் பத்திரங்கள், கொல்லம் ஆண்டிலும் மாசத்திலும் 'தியதி'யிலும் எழுதப்பட்டவை. அவற்றை விரிதாளில் ஏற்ற முற்படும் எவரும் இந்த அத்தியாயம் பேசவிருக்கும் எல்லாத் தொடக்கப் புள்ளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தித்தே தீரவேண்டும்.

முதலில் கட்டத்தின் பெயர். ஒரு ரப்பர் தோட்டத்தின் பால் கணக்கை மாதம் ஒரு தாளாக எழுதுவதாகவும், 'ஏ' என்னும் முதல் நெடுவரிசையில் தோட்டப் பகுதிகளின் பெயரையும், அடுத்து 'பி' முதல் நாளுக்கு ஒரு நெடுவரிசையாக அன்றைய பாலின் அளவையும் இடுவதாகவும் கொள்வோம். முதல் தேதி இரண்டாம் நெடுவரிசையில் விழுவதால், 25ஆம் தேதி 26ஆம் நெடுவரிசையான 'இசட்'டில் விழும். ஆங்கில எழுத்துக்கள் அத்துடன் முடிந்துவிட, 26ஆம் தேதிக்கு உரிய நெடுவரிசை 'ஏஏ' என்னும் ஈரெழுத்துப் பெயரைப் பெறுகிறது. 31ஆம் தேதி 'ஏஎஃப்'பில் முடிகிறது. ஓர் எழுத்தை மட்டும் கையாளத் தெரிந்த செயற்கூறு, மாதத்தின் முதல் 25 நாட்களும் சரியாக வேலை செய்து, 26ஆம் நாளில் மட்டும் தவறும் என்பதே இதன் பொருள். மாதத் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைந்தவருக்கு இப்படி ஒரு பிழை இருப்பதே தெரியாது.

ஈரெழுத்துப் பெயர்களைக் கையாள்வதில் இன்னொரு நுட்பம் உண்டு. எழுத்துக்கள் 26 என்பதால், நாம் பழகிய பத்தடிமான எண்களைப் போல இதையும் 26ஐ அடிமானமாகக் கொண்ட எண்முறை என்று கருதத் தோன்றும். ஆனால் பத்தடிமானத்தில் 0 முதல் 9 வரை இலக்கங்கள் இருக்க, நெடுவரிசைப் பெயர்களில் 1 முதல் 26 வரைதான் இலக்கங்கள் இருக்கின்றன. சுழியத்துக்கு எழுத்தே இல்லை. 52ஆம் நெடுவரிசையின் பெயரைக் கண்டுபிடிக்க 26ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 0 என்று வரும். சுழியத்துக்கு எழுத்து இல்லாததால் செயற்கூறு அங்கே திகைத்து நிற்கும், அல்லது 'ஏ'க்கு முந்தைய ஏதோ ஒரு குறியை எழுதிவிடும். சரியான விடை 'ஏஇசட்'. கணிதத்தில் இருவழிப் பொருத்த எண்முறை என்று அழைக்கப்படும் இந்த அமைப்பில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஓர் எண். முன்னால் சுழியங்களை ஒட்டிப் பெயரை நீட்டும் வழக்கத்துக்கு இடமே இல்லை.

தீர்வு மிக எளியது: ஒவ்வொரு முறை வகுப்பதற்கு முன்பும் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். 2007ஆம் ஆண்டின் எக்செல் பதிப்பிலிருந்து ஒரு தாளில் 16,384 நெடுவரிசைகள் உண்டு. அதில் கடைசி நெடுவரிசையின் பெயரைக் காண 16,384இலிருந்து ஒன்றைக் கழித்து 26ஆல் வகுத்தால் ஈவு 630, மீதி 3. மீதியைச் சுழியத்திலிருந்து எண்ணும்போது 3 என்பது 'டி'. ஈவான 630இலிருந்து மீண்டும் ஒன்றைக் கழித்து வகுத்தால் ஈவு 24, மீதி 5, அதாவது 'எஃப்'. எஞ்சிய 24இலும் ஒன்றைக் கழித்தால் 23, அது 'எக்ஸ்'. கிடைத்த எழுத்துக்களைத் தலைகீழாக அடுக்கினால் 'எக்ஸ்எஃப்டி' என்று வரும். முந்தைய பதிப்புகளில் 256 நெடுவரிசைகளே இருந்ததால் பெயர்கள் 'ஐவி'யுடன் முடிந்தன. நாளுக்கு ஒரு நெடுவரிசை என்று ஓராண்டுக் கணக்கை ஒரே தாளில் எழுத அன்று இடமே இருக்கவில்லை. அக்காலத்தில் எழுதப்பட்டு, ஈரெழுத்துக்கு மேல் எதிர்பாராத செயற்கூறுகள் 702ஆம் நெடுவரிசை வரை ஓடிவிட்டு 703இல், அதாவது 'ஏஏஏ'யில், விழுந்துவிடும்.

சுழியம் இல்லாமல் எண்களை எழுதுவது தமிழருக்குப் புதிதன்று. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் இருந்ததால், 205 என்பதை ௨௱௫ என்று எழுதி, காலியான பத்தின் இடத்தைச் சொல்லாமலே விட்டுவிட முடிந்தது. விரிதாளின் முறை அப்படிப்பட்டதும் அன்று. அதில் காலியிடம் என்பதே கிடையாது, எல்லா இடத்திலும் ஓர் எழுத்து நின்றாக வேண்டும். இரண்டையும் ஒன்றென மயங்கிவிடக் கூடாது.

பெயரை எண்ணாக்கிய பிறகும் அந்த எண் எங்கே தொடங்குகிறது என்னும் கேள்வி மிஞ்சுகிறது. பைத்தான் மொழியில் விரிதாள்களைக் கையாளப் பெரிதும் பயன்படும் இரண்டு நிரல் தொகுப்புகளை எடுத்துக்கொண்டால், ஓப்பன்பைஎக்ஸ்எல் முதல் கிடைவரிசையையும் முதல் நெடுவரிசையையும் 1 என்று எண்ணுகிறது; எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் இரண்டையும் 0 என்று எண்ணுகிறது. ஒன்றால் படித்து மற்றதால் எழுதும் நிரலில் ஒரு கூட்டலோ கழித்தலோ விடுபட்டால், விவரங்கள் அனைத்தும் ஒரு கட்டம் நகர்ந்து, தலைப்பு வரிக்கு உரியவை அடுத்த வரியில் அமர்ந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியோ இதைவிட விசித்திரமானது: மாதங்களைச் சுழியத்திலிருந்தும் அம்மாதத்தின் நாட்களை ஒன்றிலிருந்தும் எண்ணும் அந்த மொழியில், பதினோராம் மாதமான நவம்பரின் எண் 10. ஒரே தேதிக்குள் இரண்டு தொடக்கங்களை வைத்தவர்களை மன்னிப்பது கடினம்.

இனி நாள். பெரும்பாலான விரிதாள்கள் ஒரு நாளை, குறிப்பிட்ட ஒரு தொடக்க நாளிலிருந்து கழிந்த நாட்களின் எண்ணிக்கையாகச் சேமிக்கின்றன. நேரம் அந்த எண்ணின் பின்னப் பகுதியாக அமைகிறது. நண்பகல் என்பது அரை, மாலை ஆறு மணி என்பது முக்கால். நாளை 60 நாழிகையாகப் பகுத்த பழைய முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம், விரிதாளின் கணக்கில் அறுபதில் ஒரு பங்கு, ஆனால் நாழிகை சூரிய உதயத்திலிருந்து எண்ணப்பட, விரிதாளின் பின்னம் நள்ளிரவிலிருந்து எண்ணப்படுகிறது. இப்படி எண்ணாக வைப்பதன் பயன் வெளிப்படை: இரண்டு நாட்களுக்கு இடையே எத்தனை நாள் என்று அறிய ஒரு கழித்தல் போதும், ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டும் மரங்களுக்கு அடுத்த வெட்டு நாளைக் காண இரண்டைக் கூட்டினால் போதும், கிழமையை அறிய ஏழால் வகுத்து மீதி கண்டால் போதும்.

எக்செல் 1900 ஜனவரி 1ஆம் நாளை 1 என்று எண்ணத் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் பிப்ரவரி 28ஆம் நாளின் எண் 59. மார்ச் 1இன் எண் 60 ஆக இருக்கவேண்டும், ஆனால் அது 61 ஆக இருக்கிறது. இடையிலுள்ள 60, '29-2-1900' என்னும் இல்லாத ஒரு நாளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கிரிகோரியன் நாட்காட்டியில் நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு என்பதால் 2000 லீப் ஆண்டு, 1900 அன்று. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் இந்த நுட்பத்தைப் புறக்கணித்து, நான்கால் வகுபடும் ஆண்டெல்லாம் லீப் ஆண்டு என்று வைத்துக்கொண்டது. 1901 முதல் 2099 வரை அந்த எளிய விதி பிசகாது என்பதும் உண்மையே. லோட்டஸ் கோப்புகளைத் தன் பயனர்கள் அப்படியே திறக்கவேண்டும் என்று கருதிய மைக்ரோசாஃப்ட், தெரிந்தே அந்தப் பிழையை எக்செல்லிலும் வைத்துக்கொண்டது. திருத்தினால் அதுவரை எழுதப்பட்ட கோப்புகளில் உள்ள எல்லா நாட்களும் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதால் அது இன்றும் திருத்தப்படவில்லை.

இதன் விளைவு ஒன்று வேடிக்கையானது. 1900 ஜனவரி 1 உண்மையில் திங்கட்கிழமை. எக்செல்லைக் கேட்டால் ஞாயிறு என்று சொல்லும். மார்ச் 1க்குப் பிறகு எல்லாக் கிழமைகளும் சரியாகிவிடுகின்றன. துணைச் செயற்கூறு எழுதுபவர் இதைச் சமாளிக்கும் வழி, எண் 60ஐவிடப் பெரிதாக இருந்தால் 1899 டிசம்பர் 30ஆம் நாளோடும், சிறிதாக இருந்தால் டிசம்பர் 31ஆம் நாளோடும் அதைக் கூட்டுவது, 60 ஆகவே இருந்தால் அப்படி ஒரு நாள் இல்லை என்று அறிவித்து நிறுத்துவது. லிப்ரேஆஃபீஸ் கால்க்கும் கூகுள் விரிதாளும் இந்தச் சிக்கலுக்குள் போகாமல், 1899 டிசம்பர் 30ஐயே சுழியமாக வைத்துக்கொண்டன. 1900 மார்ச் முதல் எக்செல்லின் எண்ணும் இவற்றின் எண்ணும் ஒன்றுதான்.

மெக்கின்டாஷ் கணினிகளுக்கான எக்செல் நெடுங்காலம் 1904 ஜனவரி 1ஐச் சுழியமாகக் கொண்டிருந்தது. 1900ஐத் தவிர்த்துத் தொடங்கியதால் அங்கே பொய் நாள் இல்லை. ஆனால் ஒரு முறையில் எழுதிய எண்ணை மறுமுறையில் படித்தால் விடை 1462 நாட்கள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும் தவறிப்போகும். எந்தத் தொடக்கம் என்பதைக் கோப்பின் உள்ளேயே ஒரு சிறு குறிப்பு சொல்கிறது. அதைப் பார்க்காத செயற்கூறு அரைகுறையானது. கணினிகளின் பொதுவான காலக் கணக்கோ 1970 ஜனவரி 1ஆம் நாளின் கிரீன்விச் நள்ளிரவிலிருந்து வினாடிகளை எண்ணுகிறது. அந்த நாளுக்கு விரிதாளில் எண் 25569 என்பதால், விரிதாளின் எண்ணிலிருந்து 25569ஐக் கழித்து 86,400ஆல் பெருக்கினால் வினாடிகள் கிடைத்துவிடும் என்று எழுதிவிடுகிறார்கள். விரிதாளில் எழுதியவர் கருதியது இந்திய நேரம் என்றால் ஐந்தரை மணிக்கான 19,800 வினாடிகளையும் கழிக்கவேண்டும். சரியாகக் கழித்தாலும் இன்னொரு குழி உண்டு: இந்திய நள்ளிரவு என்பது கிரீன்விச்சில் முந்தைய நாள் மாலை ஆறரை மணி, ஆகவே நேரத்தை விட்டுவிட்டு நாளை மட்டும் எடுத்து எழுதும் நிரல் ஒரு நாள் பின்னால் எழுதிவிடும். நேரமே இல்லாத ஒரு நாளுக்கு நேரத்தை ஒட்டவைப்பதால் வரும் வினை இது.

எண் நாளாக மாறவேண்டுமா என்பதையே சில வேளைகளில் ஊகிக்கவேண்டியிருக்கிறது. எக்செல் கோப்பில் 13466 என்று ஒரு கட்டம் இருந்தால் அது பாலின் அளவா, நாளா என்று அந்த எண் சொல்லாது. கட்டத்தின் தோற்ற வடிவம், அதாவது நாள்-மாதம்-ஆண்டு என்று காட்டும்படி அமைத்த குறிப்பு, ஒன்றுதான் சொல்லும். அந்தக் குறிப்பில் நாளையும் மாதத்தையும் ஆண்டையும் சுட்டும் ஆங்கில எழுத்துக்கள் இருக்கின்றனவா என்று தேடும் செயற்கூறு, எதிர்மறை எண்ணைச் சிவப்பில் காட்டு என்னும் குறிப்பையும் நாள் என்று தவறாகக் கொள்ளலாம். சிவப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்துதான் நாளையும் குறிக்கிறது. நிறக் குறிப்பை முதலில் அகற்றிவிட்டுத் தேடுவதே முறை.

விரிதாளே இதற்கு எதிர்த்திசையில் ஊகிக்கும்போது கேடு இன்னும் பெரிது. நிலத்தின் புல எண்ணையும் உட்பிரிவையும் சாய்கோடிட்டு 5/2 என்று எழுதுவது தமிழ்நாட்டு வழக்கம். விரிதாளில் அதைத் தட்டினால், இந்திய அமைப்பில் பிப்ரவரி 5 ஆகவும் அமெரிக்க அமைப்பில் மே 2 ஆகவும் மாறிவிடும். 2024இல் தட்டியிருந்தால் முன்னது 45327, பின்னது 45414. அடுத்த வரியில் உள்ள 345/2 என்பது எந்த அமைப்பிலும் நாளாக முடியாது என்பதால் எழுத்தாகவே நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி எண்களும் பாதி எழுத்துக்களுமாகக் கலந்துபோன பிறகு, பழைய 5/2ஐ மீட்க எந்தச் செயற்கூறாலும் முழு உறுதியுடன் இயலாது. மரபணு ஆய்வாளர்கள் இதே துன்பத்தை அனுபவித்தவர்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பெயர்ச் சுருக்கத்தை ஒத்த மரபணுப் பெயர்கள் நாட்களாக மாறிவிடுவதும், எக்செல் பட்டியலை இணைத்து வெளிவந்த மரபணுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருப்பதும் 2016இல் மார்க் சீமனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தன. 2020இல் மனித மரபணுப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. மென்பொருள் மாறாததால் அறிவியலின் பெயர்கள் மாறின.

இப்போது அருமனையின் ஆதாரத்துக்கு வரலாம். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குகிறது, திருவிதாங்கூரில் புத்தாண்டு சிங்க மாதம், அதாவது தமிழரின் ஆவணி முதல் நாள். கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும் என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது ஆண்டின் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும். திருவிதாங்கூர்க் கோயில் நுழைவு அறிவிப்பின் நாள் கொல்லம் 1112 ஐப்பசி 27. அதோடு 825ஐக் கூட்டினால் 1937 வரும். ஆனால் அது வெளியான நாள் 1936 நவம்பர் 12. ஆவணியில் தொடங்கி மார்கழியின் நடுப்பகுதி வரை 824ஐயும், அதன்பின் ஆடி முடியும்வரை 825ஐயும் கூட்டவேண்டும். எல்லை ஜனவரி 1 என்பதால் அது மார்கழி மாசத்தின் ஏறத்தாழ பதினேழாம் தியதியில் விழுகிறது. ஒரே மாசத்தின் முதல் பாதி ஓர் ஆண்டிலும் பின்பாதி அடுத்த ஆண்டிலும் விழும் என்பதால், ஆண்டையும் மாசத்தையும் மட்டும் வாங்கிக்கொள்ளும் செயற்கூறு மார்கழிக்கு விடை சொல்லத் தகுதியற்றது. தியதியையும் அது கேட்டாக வேண்டும்.

தியதியைக் கேட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் புகும் சங்கிரமண நேரத்தைக் கொண்டு மாதங்கள் தொடங்குவதால் அவற்றின் நீளம் 29 நாள் முதல் 32 நாள் வரை வேறுபடும். ஆங்கில மாதங்களைப் போல நிலையான பட்டியல் கிடையாது. அதற்கு மேல், சங்கிரமணம் பகலில் எந்நேரம் வரை நிகழ்ந்தால் அன்றே மாதம் பிறந்ததாகக் கொள்வது என்பதில் தமிழ் வழக்கும் மலையாள வழக்கும் வேறுபடுகின்றன. சூரியன் மறைவதற்குள் நிகழ்ந்தால் அன்றே முதல் தேதி என்பது தமிழ் விதி. பகலை ஐந்தாகப் பகுத்து மூன்று பங்கு கழிவதற்குள், அதாவது உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள், ஏறத்தாழ பிற்பகல் ஒரு மணி 12 நிமிடத்துக்குள் நிகழ்ந்தால் மட்டுமே அன்று முதல் தேதி, இல்லையேல் மறுநாள் என்பது மலையாள விதி. 18ஆம் நாழிகைக்கும் 30ஆம் நாழிகைக்கும் இடையே சங்கிரமணம் நிகழும் மாதங்களில் தமிழ்ப் பஞ்சாங்கத்தின் தேதி மலையாளப் பஞ்சாங்கத்தின் தியதியைவிட ஒன்று முந்தி ஓடும். நாளின் 60 நாழிகையில் இந்த இடைவெளி 12 என்பதால், தோராயமாக ஐந்தில் ஒரு மாதம் இப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

அருமனையில் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. திருவிதாங்கூர் ஆவணத்தில் 'ஐப்பசி' என்று தமிழ் மாசப் பெயர் எழுதப்பட்டிருந்தாலும் பின்பற்றப்பட்டது கொல்லம் கணக்கு; அதைத் தமிழ் விதிப்படி எழுதிய செயற்கூறிடம் கொடுத்தால் சில மாசங்களில் ஒரு நாள் பிசகிய விடை வரும். பெயரைப் பார்த்து விதியை ஊகிப்பது இங்கே செல்லாது. மேகநாத சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அளித்த அறிக்கை நாடு முழுவதற்கும் ஒரு நாட்காட்டியைப் பரிந்துரைத்து, 1957 மார்ச் 22 முதல் அது அரசு வழக்கிலும் வந்தது. ஆனால் அதனால் பழைய ஆவணங்களின் தியதிகள் மாறிவிடவில்லை.

எல்லாம் சரியாக மாற்றிய பிறகும் விடையை வைக்க எக்செல்லில் இடம் இல்லாமல் போகலாம். 1900 ஜனவரி 1 என்பது கொல்லம் 1075 மார்கழி. அதற்கு முந்தைய ஆதாரங்கள், ஊர்வழக்கில் முன்னாதாரங்கள், எக்செல்லின் காலத்துக்கு வெளியே கிடக்கின்றன. குடியானவருக்குப் பண்டாரப்பாட்ட நிலத்தில், அதாவது அரசுக்கு உரிய பாட்ட நிலத்தில், உரிமை அளித்த அறிவிப்பு வெளியான 1865 ஜூன் 2, கொல்லம் 1040 வைகாசி, திருவிதாங்கூர் நில வரலாற்றில் மிக முக்கியமான நாள். எக்செல் அதை நாளாக ஏற்காது, எழுத்தாக மட்டுமே வைத்துக்கொள்ளும், வரிசைப்படுத்தச் சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்து வரிசைப்படுத்தும். லிப்ரேஆஃபீஸ் கால்க் சுழியத்துக்குக் கீழேயும் எண்ணுவதால் அந்த நாளுக்கு அங்கே −12629 என்னும் எண் உண்டு.

நாட்களைத் தொடர்ந்து எண்ணி வைக்கும் யோசனை கணினியோடு பிறந்ததன்று. இந்திய வானியலார் கலியுகத் தொடக்கம் என்று கொண்ட கி.மு. 3102 பிப்ரவரி 18 முதல் கழிந்த நாட்களை அகர்கணம் என்ற பெயரில் எண்ணிவந்தனர். கணித்துப் பார்த்தால், 1900 மார்ச் 1 முதலான எந்த நாளுக்கும் விரிதாளின் எண்ணோடு 18,26,553ஐக் கூட்டினால் அந்நாளின் கலி நாள் எண் கிடைத்துவிடுகிறது. கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1இன் விரிதாள் எண் 20760, கூட்டினால் 18,47,313. கலியின் முதல் நாள் வெள்ளி என்பதால் இதை ஏழால் வகுத்து வரும் மீதியை வெள்ளியிலிருந்து எண்ணவேண்டும். மீதி 6, கிழமை வியாழன். அந்நாள் வியாழக்கிழமைதான். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையதாகக் கற்பித்துக்கொண்ட ஒரு தொடக்கமும், ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பிழையால் நகர்ந்துபோன ஒரு தொடக்கமும் ஒரே ஒரு கூட்டலால் இணைந்துவிடுகின்றன என்பது, தொடக்கம் எதுவாக இருந்தாலும் அது அறிவிக்கப்பட்டிருந்தால் போதும் என்பதற்குச் சான்று.

எழுத்துக்கும் எண்ணுக்கும் இடையிலான மாற்றமும் அந்த மரபில் இருந்தது. கேரளத்தில் பெருவழக்காக இருந்த கடபயாதி முறையில் மெய்யெழுத்துக்களுக்கு இலக்கங்கள் ஒதுக்கப்பட்டு, சொற்கள் வலமிருந்து இடமாக எண்ணாகப் படிக்கப்பட்டன. 16ஆம் நூற்றாண்டில் மேல்பத்தூர் நாராயண பட்டதிரி எழுதிய நாராயணீயத்தின் இறுதித் தொடர் இந்த முறையில் 17,12,210 என்னும் கலி நாளைத் தருகிறது. நூல் முடிந்த நாளாக அது கொள்ளப்படுகிறது. விரிதாள் எண்ணாக மாற்றினால் −1,14,343. நெடுவரிசைப் பெயர்களில் இல்லாத சுழியத்துக்குக் கடபயாதியில் எழுத்துக்கள் இருந்தன என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர்களின் வாக்கிய முறை இந்த நாள் எண்ணைக் கொண்டே சந்திரனின் நிலையைக் கண்டறிந்தது. கலி நாளிலிருந்து 16,00,984ஐக் கழித்து, எஞ்சியதை 12,372ஆலும், அதன் மீதியை 3,031ஆலும், அதன் மீதியை 248ஆலும் வகுத்து, கடைசி மீதிக்கு உரிய வாக்கியத்தை, அதாவது சந்திரனின் நிலையைச் சொல்லும் தொடரை, மனப்பாடத்திலிருந்து எடுப்பார்கள். 1956 நவம்பர் 1க்குச் செய்தால் மீதிகள் முறையே 11,261, 2,168, 184. ஆகவே 248 வாக்கியங்களில் 184ஆவது. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வருவது ஏறத்தாழ 27.55 நாளுக்கு ஒருமுறை என்பதால், 248 நாளில் அது ஒன்பது முறையும், 3,031 நாளில் 110 முறையும், 12,372 நாளில் 449 முறையும் ஏறக்குறைய மிச்சமின்றி அடங்குகிறது. வகுக்கும் எண்கள் அதனால்தான் தெரிவு செய்யப்பட்டன. மதராஸ் வானாய்வகத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட 'கால சங்கலித' என்னும் நூலில், புதுச்சேரிக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டு அவ்வாண்டின் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை விவரித்திருக்கிறார். கணித்த தொடக்க நேரம் நான்கு நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் மட்டுமே பிசகின. அந்தக் கணிதருக்கு அடிப்படையான வானியல் கோட்பாடு தெரியாது என்று வாரன் குறைப்பட்டுக்கொள்கிறார். துணைச் செயற்கூறு என்பதன் இலக்கணமே அதுதான் என்பதால் இந்தக் குறை நியாயமானதன்று: கோட்பாட்டை அறிந்தவர் ஒருமுறை எழுதி வைக்க, அறியாதவரும் பிழையின்றிப் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் அந்தக் கணிதரிடம் இருந்த ஒன்று இன்றைய செயற்கூறுகள் பலவற்றில் இல்லை. 16,00,984 என்னும் தொடக்கத்தைக் கழிப்பதே அவருடைய முதல் படி. எங்கிருந்து எண்ணுகிறோம் என்பது முறைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. விரிதாள் செயற்கூறுகளில் 25569 என்றோ 1462 என்றோ ஓர் எண் விளக்கமின்றிப் புதைந்து கிடக்கிறது. அடுத்து வரும் நிரலர் அதைத் தொட அஞ்சி, வெளியே இன்னோர் ஒன்றைக் கூட்டியோ கழித்தோ தன் விடையைச் சரிக்கட்டுகிறார். எல்லைகளைச் சோதிக்கும் வழக்கமும் குறைவு: 26, 27, 52, 702, 703, 16,384 ஆகிய நெடுவரிசைகளிலும், 59, 60, 61 ஆகிய நாள் எண்களிலும், மார்கழி பதினாறு, பதினேழாம் தியதிகளிலும் சரியாக விடை தரும் செயற்கூறுகள் இடைப்பட்ட மற்ற இடங்களில் தவறுவது அரிது.

அருமனையின் ஆதாரங்களையோ அதுபோன்ற பிற திருவிதாங்கூர் ஆவணங்களையோ விரிதாளில் ஏற்றுவோர், மூலத்தில் உள்ள கொல்லம் ஆண்டையும் மாசத்தையும் தியதியையும் மூன்று தனி நெடுவரிசைகளில் எழுத்தாகவே வைத்துக்கொண்டு, மாற்றிய கிறித்தவ நாளை நான்காவதிலும், எந்த விதிப்படி மாற்றியது என்பதை ஐந்தாவதிலும் எழுதவேண்டும். புல எண் நெடுவரிசையை, ஓர் எண்ணைக்கூடத் தட்டுவதற்கு முன்பே, எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடவேண்டும். மூலத் தியதியை அழித்துவிட்டு மாற்றிய நாளை மட்டும் மிச்சம் வைக்கும் நிரல், எவ்வளவு திறமையாக எழுதப்பட்டிருந்தாலும் ஆவணப் பணிக்கு ஏற்றதன்று.